கொண்டுவந்தாராம்: போர்க்காலக் கைப்பொருள்களின் பிறப்பை ஆராயும் முறை



பள்ளியில் ஒரு வரலாற்று மூலை அமைக்க விரும்பும் ஆசிரியர், வீட்டிலுள்ள பழம்பொருள்களைக் கொண்டுவருமாறு மாணவர்களிடம் சொல்கிறார். மறுநாள் மேசைமீது பால் வடியும் மங்கு ஒன்றும், உளி ஒன்றும், ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு இரண்டும் வந்து சேர்கின்றன. அவற்றோடு ஒரு தகரக் குவளையும் வருகிறது. கொண்டுவந்த மாணவன், "எங்கள் பூட்டனார் சயாமிலிருந்து கொண்டுவந்தாராம்" என்கிறான். குவளையின் அருகில் வைக்க ஆசிரியர் ஓர் அட்டை எழுதவேண்டும். அந்த அட்டையில் என்ன எழுதுவது? இன்றைய உரையின் பொருள் அவ்வளவே.

இதைப் பேச வரலாற்று அறிஞரையோ உலோகவியல் அறிஞரையோ அழைத்திருக்கலாமே, மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அந்தக் குவளையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் மூன்று. ஒன்று அதன் தகரம். மற்றொன்று அதன்மேல் கீறப்பட்டுள்ள எழுத்து. மூன்றாவது, அதைப் பற்றி அந்த மாணவன் கூறிய வாக்கியம். மூன்றில் இரண்டு மொழியைச் சார்ந்தவை. ஆதலின் நான் வந்ததில் தவறில்லை என்று கருதுகிறேன்.

முதலில் இது ஏன் சிறிய செய்தி அன்று என்பதைச் சொல்லவேண்டும். ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை தொடங்கப்பட்டு, 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களினும் பன்மடங்கினர். மாண்டவர் எத்தனை ஆயிரம் என்பதில் மதிப்பீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. மலாயாவிலிருந்து சென்றோருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவர்க்கு அத்தகைய வரிசை இல்லை. கைதிகளின் அதிகாரிகள் ஒளித்துவைத்துப் பட்டியல் எழுதினர், நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர். தோட்டத் தொழிலாளருள் எழுதத் தெரிந்தவர் சிலரே. தெரிந்தவர்க்கும் தாளில்லை.

இந்நிலையில் ஒரு தகரக் குவளையில் கீறப்பட்ட இரண்டு தமிழெழுத்துக்கூட ஓர் ஆவணமாகிவிடுகிறது. அதனாலேயே அதைப் பற்றிப் பொய் சொல்வதும், மெய்யான ஒன்றைப் பொய்யென்று தள்ளுவதும் ஒரே அளவு தீங்கானவை. ஒரு பொய்க்குவளை கண்ணாடிப் பேழைக்குள் நுழைந்துவிட்டால், பின்னர் அது வெளிப்படும் நாளில் அருகிலுள்ள மெய்க்குவளைகள் பத்தின்மீதும் ஐயம் படியும்.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். சாங்கி கைதி முகாமில் 1942இல் செய்யப்பட்ட பித்தளைச் சிலுவை ஒன்று இன்று சிங்கப்பூரில் உள்ளது. பீரங்கிக் குண்டின் பித்தளை உறையிலிருந்து அதைச் செய்தவர் ஹேரி ஸ்டாக்டன். செய்வித்தவர் படைப்பாதிரியார் எரிக் கார்டிங்லி. குடைக்கம்பியைக் கூராக்கி அதில் படைச்சின்னங்களைப் பொறித்தவர் டிம் ஹெமிங்ஸ். செய்தவர், செய்வித்தவர், பொறித்தவர், பொறித்த கருவி ஆகிய அனைத்தும் தெரிகின்றன. நமது பேராக்கிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பானில், 74ஆம் எண் வீட்டில், சிபில் கார்த்திகேசு அம்மையார் ஒளித்துவைத்து இலண்டன் செய்தி கேட்ட வானொலிக்கு ‘ஜோசபின்’ என்று பெயரிட்டிருந்தார். அவருடைய தன்வரலாறு 1954இல் நூலாக வந்தது. ஆதலின் அந்த வானொலியைப் பற்றி நாம் ஊகிக்கவேண்டியது குறைவு. எழுதிவைத்தவர் உள்ள இடத்தில் பொருள் சான்றுக்குத் துணையாக நிற்கிறது. எழுதிவைத்தவர் இல்லாத இடத்தில் பொருளே முழுச்சுமையையும் தாங்கவேண்டியுள்ளது. ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களின் நிலை இரண்டாவது வகை. அத்தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறி, லயங்களும் இடிக்கப்பட்ட பிறகு, லயத்து அடுப்பங்கரையில் இருந்த தகரம் எங்கே போயிற்று என்று கேட்பதற்குக்கூட ஆளில்லை.

இனி ஆராயும் முறைக்கு வருவோம். ஒரு குவளையைக் கற்பித்துக்கொள்வோம். இது எந்தக் குடும்பத்திற்கும் உரியது அன்று. வகுப்புக்காக நான் உண்டாக்கிக்கொண்ட எடுத்துக்காட்டு. பால் டின் ஒன்றின் வாயை வெட்டி, விளிம்பை மடக்கி, கம்பியால் கைப்பிடி முறுக்கியிருக்கிறது. பக்கத்தில் ஆணியால் கீறிய எழுத்து: "க.மு. சயாம் வேலை சுபானு ஆடி".

தகரத்தை முதலில் பார்க்கவேண்டும். பொருள் எந்தக் காலத்திற்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்பதை மூலப்பொருள் சொல்லும். எந்தக் காலத்திற்குப் பிற்பட்டதாக இருக்க இயலாது என்பதை அது சொல்லாது. பக்கவாட்டு இணைப்பு ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தால் போர்க்காலத்து டின்னாக இருக்கலாம். 1960ஆம் ஆண்டு டின்னாகவும் இருக்கலாம். மெல்லிய கோடுபோல மின்சாரத்தால் பற்றவைத்த இணைப்பானால், அது 1970களுக்குப் பிறகு பரவிய முறை. போர்க்காலக் கதை அங்கேயே முடிந்தது. இழுத்துத் திறக்கும் வளையமுள்ள மூடி 1960களுக்குரியது. கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள திருகாணி 1930களின் நடுவிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஆயினும் காட்டுக்குள்ளிருந்த முகாமுக்கு அது 1943இல் வந்திருக்கும் என்று நம்பப் பெருமுயற்சி வேண்டும். துணியானால் தையல் நூலைப் பாருங்கள். பாலியஸ்டர் நூல் கடைக்கு வந்தது போருக்குப் பிறகு. தாளானால் பந்துமுனைப் பேனாவின் மை இருக்கிறதா என்று பாருங்கள். அப்பேனா நியூயார்க் கடைகளுக்கே 1945 அக்டோபரில்தான் வந்தது. புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும் வெள்ளைத் தாள் பெரும்பாலும் 1950களுக்குப் பிற்பட்டது. இவ்விளக்கு இன்று கள்ளநோட்டுப் பார்க்கும் கடைகளிலெல்லாம் உண்டு. பள்ளிக்கு ஒன்று வாங்குவது பெருஞ்செலவு ஆகாது.

துருவைப் பற்றி ஒரு சொல். தகரம் என்பது இரும்புத் தகட்டின்மீது வெள்ளீயம் பூசியது. ஆணியால் கீறும்போது பூச்சு கிழிந்து இரும்பு வெளிப்படும். ஆதலின் கீறலுக்குள்தான் துரு முதலில் பிடிக்கும். கீறல் பளபளப்பாக இருந்தால் அது அண்மைக் காலத்தது என்று துணிந்து சொல்லலாம். துருப்பிடித்திருந்தால் பழையது என்று சொல்ல இயலுமா? இயலாது. நமது ஈரக்காற்றில் புதிய கீறல் சில வாரங்களிலேயே பழுப்பேறிவிடும். இன்னொரு தொல்லை நம் வீடுகளிலேயே உண்டு. பித்தளையானால் பண்டிகைக்குப் பண்டிகை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். நூற்றாண்டுச் சான்று ஒரு தீபாவளிக்கு முதல்நாள் மாலையில் கரைந்துபோகும். தேய்க்கும் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் தேய்த்தால் மட்டும் மன்னிக்க இயலாது.

பயன்பாடும் காலத்தைக் காட்டாது. ஆணியால் துளையிட்ட தகரத்தைப் பலகையில் அறைந்து மரவள்ளிக்கிழங்கு துருவியது ஜப்பானியர் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. போருக்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது. சாக்குத் துணி உடுத்தியது, ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து விளக்கெரித்தது ஆகியவை பஞ்சகாலத்தின் அடையாளங்கள். எனினும் ஒரு தகர விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எரிந்தது ரப்பர் எண்ணெயா மண்ணெண்ணெயா என்று கூற முடியாது. பொருளோடு வாழைமர நோட்டுகள் சேர்ந்து கிடைத்தன என்பதும் சான்றாகாது. போர் முடிந்தபோது அந்நோட்டுகள் மதிப்பிழந்து குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாயின; எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைந்தன.

அடுத்தது எழுத்து. நம் குவளையில் ‘வேலை’ என்னும் சொல் இருப்பது நல்வாய்ப்பு. லை, ளை, ணை, னை ஆகிய நான்கும், ணா, றா, னா முதலிய ஒன்பதும் முன்னாளில் வேறு வடிவில் எழுதப்பட்டன. யானை துதிக்கையைத் தூக்கியதுபோல மேலே வளைந்த பழைய ‘லை’யை இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் அறிவர், மாணவர்கள் பழைய புத்தகத்தில்தான் கண்டிருப்பீர்கள். தமிழக அரசு 1978இல் ஆணை பிறப்பித்த பின்னரே இந்தப் பதின்மூன்று எழுத்துகளின் புதிய வடிவங்கள் பாடநூல்களில் இடம்பெற்றன. இங்கும் அதற்குப் பின்னரே வழக்காயின. ஆகவே 1943ஆம் ஆண்டுக் குவளையில் பழைய ‘லை’ இருக்கவேண்டும், புதிய ‘லை’ இருந்தால் போலி என்று முடிவு செய்துவிடலாம் போலத் தோன்றும்.

அப்படி முடிவு செய்வது அவசரம். பெரியார் தம் குடி அரசு இதழில் 1935 ஜனவரியிலேயே இப்புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அவர் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து சென்றவர். சுயமரியாதை இயக்கத்திற்கு இந்நாட்டில் வாசகர்கள் இருந்தனர். அவ்வாசகர் ஒருவர் 1943இல் புதிய ‘லை’ எழுதியிருக்கக் கூடும். அரிது, எனினும் இயலாததன்று. மறுபுறம், பழைய ‘லை’ இருப்பதால் பொருள் பழையது என்றும் ஆகாது. 1955இல் பள்ளியில் படித்தவர் தம் எழுபதாம் வயதிலும் பழைய வடிவத்தையே எழுதுவார். என் தலைமுறையினர் கையெழுத்தைப் பாருங்கள். எழுத்து வடிவம் எழுதியவர் எந்தக் காலத்துப் பள்ளியில் படித்தார் என்பதைக் காட்டுகிறது. எந்த நாளில் எழுதினார் என்பதை அது காட்டாது. இதை மறந்துவிட்டுத் தீர்ப்புக் கூறுவது நம் துறையினர்க்கே உரிய ஒரு நோய்.

கீறிய முறை இன்னும் பயன்தரும். ஆணிமுனை வளைகோட்டில் எளிதில் செல்லாது. ‘வே’யின் சுழி உடைந்து சிறுசிறு நேர்கோடுகளாக வரும். அல்லது, எழுதியவர் ஆணியைச் சுத்தியால் தட்டிப் புள்ளி புள்ளியாகச் சுழியை வளைப்பார். ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று விட்டனர். தகரத்தில் புள்ளிதான் எளிது. வளைவுகள் மென்மையாகவும், கீறலின் ஆழம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாகவும், உள்ளே நுண்ணிய அதிர்வு வரிகள் ஒழுங்காகவும் இருந்தால், அது மின்கருவியின் வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும் இதைக் காண.

ஆயினும் எழுத்தின் வடிவத்தைக் காட்டிலும் சொல்லே எனக்கு நம்பத்தக்க சாட்சி. குவளையில் ‘சயாம்’ என்று இருக்கிறது. அந்நாட்டின் பெயர் 1939இலேயே தாய்லாந்து என்று மாற்றப்பட்டது. 1945இல் மீண்டும் சயாம் ஆனது. 1949இல் மறுபடியும் தாய்லாந்து ஆயிற்று. அரசாங்கத்தின் பெயர்மாற்றம் லயத்தை எட்டவில்லை. தோட்டத்து மக்கள் சயாம் என்றே சொன்னார்கள். அவர்கள் பேரர்களும் சயாம் என்றே சொல்கிறார்கள். அக்குவளையில் ‘தாய்லாந்து’ என்றிருந்தால் நான் ஒருமுறை தயங்குவேன். ‘தாய்லாந்து மரண ரயில் 1943’ என்றிருந்தால் தயக்கமும் வேண்டியதில்லை. பாதையில் மண் சுமந்துகொண்டிருப்பவர் தம் வேலையிடத்திற்கு வரலாற்றுத் தலைப்புக் கொடுப்பதில்லை. அது எல்லாம் முடிந்தபின், எண்ணிக்கை தெரிந்தபின் இடும் பெயர். அவ்வாறே ‘மலேசியா’ என்னும் நாட்டுப்பெயர் 1963க்கு உரியது. அன்றைய பெயர் மலாயா. ‘முதலாம் உலகப் போர்’ என்று 1916இல் யாரும் எழுத மாட்டார் என்பது போன்றதே இதுவும். நம் மக்கள் இன்றும் ‘ஜப்பான்காரன் காலம்’ என்கிறார்களே தவிர, ‘ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம்’ என்பது பாடநூல் கொடுத்த தொடர்.

இடப்பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் கவனிக்கவேண்டும். முகாம்களின் பெயரைத் தொழிலாளர் காதால் கேட்டனர், பலகையில் படித்தறியவில்லை. காதால் கேட்டு எழுதியது கோணலாக இருக்கும். தன்பியூசாயாட் என்று நான் இப்போது சொன்னதே புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது. ஒரு தொழிலாளர் அதைப் பிழையின்றி எழுதியிருந்தால் எனக்கு ஐயம் எழும். காஞ்சனபுரிக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அது காஞ்சனம், புரி என்னும் வடசொற்களால் ஆன பெயர். தமிழ்க்காது கேட்டவுடனே அடையாளம் கண்டுகொள்ளும். எழுத்தறிந்த எவரும் சரியாகவே எழுதிவிடுவார்.

காலக்குறிப்பு மற்றொரு நல்ல உரைகல். சித்திரபானு ஆண்டு 1942 ஏப்ரல் நடுவில் தொடங்கியது, சுபானு 1943 ஏப்ரலில், தாரண 1944இல், பார்த்திப 1945இல். நம் குவளையின் ‘சுபானு ஆடி’ என்பது 1943 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை. பாதை வேலை மிகக் கடுமையாக நடந்த மழைக்காலம் அது. பொருந்துகிறது. ‘சித்திரபானு ஆடி 1943’ என்று எழுதியிருந்தால் பொருந்தாது. அப்போது உடனே போலி என்று கூவவேண்டியதில்லை. அந்த ஆடியில் அங்கே இருந்தவர் ஆண்டுப்பெயரைத் தவறவிட்டிருக்க மாட்டார் என்று எண்ண இடமுண்டு. இருபது ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியவர் தவறவிட்டிருப்பார். அதாவது, எழுத்து பிற்காலத்தது. எழுதியவரோ உண்மையாகவே அங்கிருந்தவராக இருக்கலாம். ஜப்பானியர் ஆண்டுமுறையில் 1943 என்பது 2603. அந்த எண்ணைக் கண்டால் சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அக்காலத் தபால்தலைகளைப் பார்த்த எவரும் அந்த எண்ணை எழுத முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

எழுத்து பொருளைவிட இளையதாகவும் இருக்கலாம், பொருள் வந்த வழியைச் சொல்லாமலும் விடலாம் என்பதற்குத் தமிழுலகம் அறிந்த சான்று ஒன்றுண்டு. நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்னும் பாதிரியார், மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திய வெண்கல மணியின் உடைந்த பகுதி ஒன்றைக் கண்டார். அதில் தமிழெழுத்து இருந்தது. முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுத்து வடிவைக் கொண்டு அதன் காலத்தைப் பற்றி அறிஞர் பலவாறு வாதிட்டனர். தமிழர் அத்தீவுக்கு முற்காலத்திலேயே கப்பலோட்டிச் சென்றனர் என்று அதை வைத்துப் பேசுவோரும் உளர். அந்த எழுத்து மணி யாருடையது என்று சொல்கிறது. மணி யார் கையில், எந்தக் கப்பலில், எப்போது அங்கே போயிற்று என்பதைப் பற்றி அதில் ஓரெழுத்தும் இல்லை. ஒரு மணியைப் பற்றிய ஒரு வரிக்கு நாம் எவ்வளவு பெரிய கதையைச் சுமத்துகிறோம் என்று பாருங்கள்.

இதே ஆசைதான் இந்திய தேசிய ராணுவப் பொருள்களிலும் வேலை செய்கிறது. தோட்டங்களிலிருந்து இளைஞரும் இளம்பெண்களும் அதில் சேர்ந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது. வீட்டில் தைத்த மூவண்ணக்கொடி ஒன்றை அக்காலத்தது என்று ஒருவர் காட்டினால் நடுவில் இருக்கும் உருவத்தைப் பாருங்கள். இராட்டையானால் மேலே ஆராயலாம். இருபத்துநான்கு ஆரமுள்ள அசோகச் சக்கரமானால், அச்சின்னம் கொடியில் ஏறியது 1947 ஜூலை 22ஆம் நாள். இதைப்போலத் தெளிவான சோதனை நம் துறையில் அரிதாகவே கிடைக்கும்.

இனி மூன்றாவது சான்று. அந்த மாணவனின் வாக்கியத்திற்குத் திரும்புவோம். "கொண்டுவந்தாராம்" என்றான். ‘ஆம்’ என்னும் இந்த இறுதியைப் பற்றித்தான் இன்று நான் மிகுதியாகச் சொல்ல விரும்பினேன். தான் காணாததை, பிறர் சொல்லக் கேட்டதை, அவ்வாறே உரைப்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் அடையாளம் அது. உலக மொழிகள் பலவற்றில் இவ்வடையாளம் இல்லை; இதை உணர்த்தத் தனிச்சொல் தேடவேண்டும். நமக்கு ஒரே அசை போதும். நம் வீட்டுக் குழந்தைகள் மூன்று நான்கு வயதிலேயே இதைப் பிழையின்றிக் கையாள்கின்றனர். "மழை பெய்தது" என்பதற்கும் "மழை பெய்ததாம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு இலக்கண வகுப்பில் வந்ததன்று.

அந்தக் குவளையைச் சயாமிலிருந்து திரும்பியவர் கையில் கண்ட மனைவி, "கொண்டுவந்தார்" என்பார். அவர் சொல்லக் கேட்ட மகள் "கொண்டுவந்தாராம்" என்பார். பேரன் மகனும் "கொண்டுவந்தாராம்" என்றே சொல்கிறான். தலைமுறைக்குத் தலைமுறை அந்த ‘ஆம்’ நேர்மையாகக் காவல் காக்கிறது. அதன்பின் ஆசிரியர் அட்டை எழுதுகிறார். எழுத்துத் தமிழில், அதுவும் காட்சிப்பலகைத் தமிழில், ‘ஆம்’ பேச்சுவழக்குப் போலத் தோன்றுகிறது. அதை நீக்கி, "சயாம் மரண ரயில் பாதையிலிருந்து திரும்பிய தொழிலாளர் கொண்டுவந்த குவளை, 1943" என்று அழகாக எழுதிவிடுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் எண்பது ஆண்டுகளாகக் குடும்பம் காத்த ஐயக்குறி ஒரு நொடியில் காணாமற்போயிற்று. அடுத்த ஆண்டு அந்த அட்டையைப் பார்த்துக் கட்டுரை எழுதும் மாணவனுக்கு அது கண்டவர் கூற்று ஆகிவிடுகிறது.

இதுபோன்றே நழுவும் மற்றொரு தொடர் ‘தாத்தா காலத்துக் குவளை’ என்பது. ‘காலத்து’ என்பது ஓரிரண்டு முறை சொன்னபின் ‘தாத்தாவின் குவளை’ ஆகும். பின்னர் ‘தாத்தா செய்த குவளை’ ஆகும். விளிம்பு சீராக மடக்கப்பட்டு, இணைப்பு ஒழுங்காக ஈயம் பூசியிருந்தால், அது கருவி வைத்திருந்த தகரவேலைக்காரர் கைவேலை. நகரத்துக் கடையில் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். கம்பியை முறுக்கி ஆணித்துளையில் மாட்டியிருந்தால் கருவியில்லாதவர் கைவேலை. தாத்தா வாங்கினார் என்பதும் ஒரு வரலாறுதான். அவர் கைப்படச் செய்திருந்தால்தான் மதிப்பு என்று யார் சொன்னது? முதல் உலகப் போரின் குண்டு உறைகளில் பூவேலை செய்த சாடிகள் ஐரோப்பிய வீடுகளில் ஏராளம். அவற்றுள் பல பதுங்குகுழியில் செய்யப்பட்டவை அல்ல. போருக்குப் பின் போர்க்களம் காணவந்தோர்க்கு விற்கச் செய்யப்பட்டவை. ஆராய்ந்தோர் அவற்றைத் தூக்கி எறியவில்லை. மகனை இழந்த தாய் எதை வாங்கி வீட்டில் வைத்தார் என்பதற்கு அவை சான்றாயின.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு நடைமுறையாகச் சில சொல்வேன். பெரியவரிடம் "இது உண்மையா?" என்று கேட்காதீர்கள். அக்கேள்வி மனத்தைப் புண்படுத்தும், பதிலும் பயன்படாது. "பாட்டி, இதை முதலில் யார் கையில் பார்த்தீர்கள்?", "அப்போது உங்களுக்கு என்ன வயது?", "அது எதற்குப் பயன்பட்டது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்ன வடிவத்திலேயே, ‘ஆம்’ கெடாமல், எழுதுங்கள் அல்லது ஒலிப்பதிவு செய்யுங்கள். பொருளைப் பற்றி நூலில் படித்ததை அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த முறை அது அவர் நினைவாகவே திரும்பி வரும். கீறல் மங்கியிருக்கிறது என்று சுண்ணாம்போ மையோ தடவவேண்டாம். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்துப் படமெடுத்தால் எழுத்து தானே எழும். எண் ஏதேனும் இருந்தால் அதைத் தனியே குறியுங்கள். அது தோட்டப் பதிவேட்டில் அத்தொழிலாளருக்கு இட்ட எண்ணாக இருக்கலாம்; பதிவேடு எங்கேனும் எஞ்சியிருந்தால் பெயர் கிடைத்துவிடும். எழுத்தறியாதவர் இட்ட வெறும் கோடும் வட்டமும் இருந்தால், அவற்றை அழுக்கென்று எண்ணிவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று அட்டை எழுதுங்கள். முதலாவதில் பொருளைத் தொட்டுப் பார்த்து அறிந்ததை மட்டும் எழுதவேண்டும். இரண்டாவதில் அதன்மேலுள்ள எழுத்தை, வரிபிரிப்பு மாறாமல் எழுதவேண்டும். மூன்றாவதில், யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்பதோடு, வீட்டார் கூற்றை எழுதவேண்டும். மூன்றையும் ஒன்றாக்கி ஓர் அழகான பத்தி எழுதுவது தமிழாசிரியருக்கு மகிழ்ச்சி தரும்; இப்பயிற்சியில் மட்டும் அதற்கு மதிப்பெண் இல்லை.

நம் எடுத்துக்காட்டுக் குவளைக்கு நான் எழுதக்கூடிய அட்டை இது: "பால் டின்னில் செய்த குவளை. கம்பிக் கைப்பிடி. ஈயம் வைத்த இணைப்பு. போர்க்காலத்ததாக இருக்கலாம், அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். ஆணியால் கீறிய எழுத்து: க.மு. சயாம் வேலை சுபானு ஆடி. பழைய லை வடிவம். சுபானு ஆடி 1943 ஜூலை–ஆகஸ்டு. தம் தந்தை சயாமிலிருந்து கொண்டுவந்தாராம் என்று மகள் கூறினார்; தாம் ஐந்து வயதில் இதில் காப்பி குடித்ததாகவும் கூறினார்."